சிப்புக்குப் பரம்பு அடிப்பவர்கள்

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மாலை இந்த மேடைக்கு வருகிற வழியில், தேரடித் தெருவில் ஒரு டீக்கடை வாசலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். காலில் சேறு இன்னும் காயவில்லை. அவர் கேட்டார்: "அண்ணா, என் பொண்ணு கெமிக்கல் டிப்ளமா முடிச்சிருக்குது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிடறாங்க. சிப்புக்குப் பாலீஷ் போடற மருந்து செய்யற கம்பெனியாம். ஐம்பது அறுபது பேருதான் வேலை செய்யறாங்களாம். சின்னக் கம்பெனி. நம்பி அனுப்பலாமா?"

நான் என்ன பதில் சொல்வது? "போகட்டும் அம்மா" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அது பதில் ஆகாது. ஒரு வேலை என்ன வேலை, அதன் மதிப்பு என்ன, அதில் ஆபத்து என்ன என்று தெரியாமல் பிள்ளையை அனுப்புவதும் தவறு. தெரியாத காரணத்தால் தடுப்பதும் தவறு. "கூட்டத்துக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன்" என்றேன். அவர் வந்திருக்கிறார். அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. செய்யாறிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளைப் பெற்ற எல்லோருக்கும் உரியது.

பரம்புப் பலகை

முதலில், சிப்பு என்பது என்ன? உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனுக்குள், ரேஷன் கடையில் விரல் வைக்கிற கருவிக்குள், புதிய நூற்பு யந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பது அதுதான். நகக்கண் அளவுள்ள துண்டு. அதன் பிறப்பு மணலிலிருந்து, கூழாங்கல்லிலிருந்து. வெள்ளைக் கல்லைக் கரியோடு சேர்த்து மின்சார உலையில் உருக்கினால் சிலிக்கான் கிடைக்கும். அதைப் பலமுறை சுத்தம் செய்து, மறுபடி உருக்கி, ஒரே படிகமாகத் தூண்போல் இழுத்தெடுக்கிறார்கள். அந்தத் தூணைக் கம்பி ரம்பத்தால் மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். இன்று பெரிய ஆலைகளில் ஓடும் தகட்டின் குறுக்களவு 300 மில்லிமீட்டர். கனம் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு தகட்டின்மேல் நூற்றுக்கணக்கான சிப்புகளைக் கட்டுகிறார்கள்.

எப்படிக் கட்டுகிறார்கள்? மாடிமேல் மாடி கட்டுவதுபோல. ஓர் அடுக்கு பூசுவது, வெளிச்சத்தால் அதன்மேல் கோலம் பதிப்பது, வேண்டாததை அரித்து எடுப்பது, அடுத்த அடுக்கு பூசுவது. ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகிவிடும். மேடு பள்ளத்தின்மேல் அடுத்த கோலத்தைப் பதித்தால் ஒரு பக்கம் தெளிவாக விழும், ஒரு பக்கம் கலங்கி விழும். சிப்பு கெட்டுப்போகும்.

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சேடை ஓட்டி முடித்ததும் நாற்றை நட்டுவிடுகிறோமா? பரம்பு அடிக்கிறோம். ஏன்? வயல் சமமாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் தண்ணீர் முழங்காலளவு நிற்கும்; மறு மூலை வெடிக்கும். நாற்று இங்கே அழுகும், அங்கே கருகும். பரம்பு அடித்தவனுடைய வேலை நெல் விளைந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. அடிக்காவிட்டால் உடனே தெரியும்.

சிப்பு ஆலையிலும் ஒவ்வொரு முக்கியமான அடுக்குக்கும் பரம்பு அடிக்கிறார்கள். அது எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? அந்த 300 மில்லிமீட்டர் தகட்டை 30 கிலோமீட்டர் அகலமுள்ள வயலாகப் பெருக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஏறத்தாழ போளூர் வரை ஒரே கழனி. அந்தக் கழனியில், ஒரு சிப்பு உட்காருகிற பாகத்துக்குள் மேடு பள்ளம் சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட பரம்பு அது.

புளியும் சாம்பலும்

இதை எதைக்கொண்டு செய்கிறார்கள்? ஒரு சுழலும் மேடை. அதன்மேல் பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த மெத்தை. தகட்டைக் கவிழ்த்து அதன்மேல் அழுத்திச் சுழற்றுகிறார்கள். நடுவில் பால்போன்ற ஒரு குழம்பு சொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தொழிலாளர்கள் ஸ்லரி என்கிறார்கள். அந்தத் தாய் சொன்ன 'பாலீஷ் மருந்து' இதுதான்.

அந்தக் குழம்பில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. ஒன்று, ரசாயனம், அது மேற்பரப்பை இளக்குகிறது. மற்றொன்று, தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய துகள். அது இளகியதைத் தேய்த்து எடுக்கிறது. நம் வீட்டில் செம்புப் பாத்திரம் துலக்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? புளியைத் தடவுகிறார்கள், சாம்பலைப் போட்டுத் தேய்க்கிறார்கள். புளி மட்டும் போட்டால் நேரமாகும். சாம்பல் மட்டும் போட்டால் கீறல் விழும். இரண்டும் சேர்ந்தால்தான் பாத்திரம் பளபளக்கும். சிப்புக்குள் ஓடுகிற கம்பியும் செம்புதான். ஐ.பி.எம். கம்பெனி 1997-ல் செம்புக் கம்பிக்கு மாறுவதாக அறிவித்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சிப்பு அடுக்கை இப்படித் துலக்கிச் சமப்படுத்தும் முறையை 1980-களில் வளர்த்தெடுத்ததும் அதே கம்பெனிதான்.

வித்தியாசம் துகளின் அளவில் இருக்கிறது. இந்தக் குழம்பில் உள்ள துகள் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எல்லாத் துகளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கவேண்டும். அரிசியில் ஒரு கல் இருந்தால் ஒரு வாய்ச் சோறுதான் கெடும். இந்தக் குழம்பில் பெரிய துகள்கள் சில கலந்துவிட்டால், தகட்டுக்குத் தகடு கீறல் விழுந்து, வாரக்கணக்கில் செய்த வேலை குப்பைக்குப் போகும்.

பெயர் தெரியாத கம்பெனிகள்

இந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆலைத் தோழர்கள் ஆச்சரியப்படுவீர்கள். நூற்பாலையில் இழை இழையோடு வழுக்காமல் பற்றிக்கொள்வதற்காக இத்தகைய சிலிக்காப் பாலைப் பஞ்சிலும் கம்பளியிலும் பூசிப் பார்த்தவர்கள் உண்டு. மான்சாண்டோ கம்பெனி அதை நூற்பாலைகளுக்கு விற்றது. அதே கம்பெனியின் வால்ஷ், ஹெர்சாக் என்ற இருவர், அந்தப் பாலால் சிலிக்கான் தகட்டை மெருகேற்றும் முறைக்கு 1965-ல் காப்புரிமை பெற்றார்கள். ஓர் ஆலையில் வழுக்காமல் பிடித்த பொருள், இன்னோர் ஆலையில் வழுவழுப்பாக்கிக் கொடுத்தது.

ஜப்பானில் நகோயா நகரத்துப் பக்கம் 1950-ல் ஃபுஜிமி என்று ஒரு கம்பெனி தொடங்கியது. யுத்தத்தில் நொறுங்கிப்போன நாடு அது. காமிராவுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் வேண்டிய லென்ஸைத் தேய்க்கிற பொடி செய்வதுதான் தொழில். பொடியை ஒரே அளவாகச் சலித்துப் பிரிப்பதில் அவர்கள் கைதேர்ந்தார்கள். பிறகு சிலிக்கான் தகடு வந்தபோது அந்தக் கைத்திறனே அதற்கும் உதவியது. இன்றும் அங்கே வேலை செய்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அந்தப் பொடியை வாங்குகிற தொழிலைப் பாருங்கள்: தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே கம்பெனியில் எழுபதாயிரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள்.

அமெரிக்காவில் கேபட் மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி. தாய்க் கம்பெனியிலிருந்து 2000-ல் பிரிந்தது. அதன் முக்கியமான சரக்கு இந்த மெருகுக் குழம்புதான். பெயர் மாறி சி.எம்.சி. மெட்டீரியல்ஸ் ஆனது. 2022-ல் என்டெக்ரிஸ் என்ற கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. என்ன விலை? சுமார் 650 கோடி டாலர். ரூபாயில் ஏறத்தாழ 50,000 கோடி! பாத்திரம் துலக்கும் பொடிக்கு இந்த விலையா என்று கேட்காதீர்கள். துலக்கும் வேலை இல்லாமல் அந்தத் தொழிலே இல்லை என்பதற்கு அந்த விலையே சாட்சி.

பிடி யார் கையில்?

சிறிய கம்பெனி என்றால் பலவீனமானது என்று நினைக்கிறோம். இந்தத் தொழிலில் அது பாதி உண்மைதான்.

ஒரு சிப்பு ஆலை ஒரு குழம்பைச் சோதித்து ஏற்றுக்கொண்டுவிட்டால் நாளைக்கே வேறொன்றுக்கு மாற முடியாது. புதியதைப் பல மாதம் சோதிக்கவேண்டும். ஆகவே பெரிய ஆலையின் கழுத்து சிறிய சப்ளைக்காரனிடம் இருக்கிறது. 2019 ஜூலையில் ஜப்பான் சர்க்கார், சிப்பு ஆலைகளுக்கு வேண்டிய மூன்று ரசாயனப் பொருள்களைத் தென்கொரியாவுக்கு அனுப்புவதில் கெடுபிடி செய்தது. மூன்றே சரக்கு! சாம்சங் போன்ற மலைகள் ஆடிப்போயின. 2010-ல் சீனா அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதியைச் சுருக்கியபோது, கண்ணாடிக்கும் சிப்புக்கும் மெருகேற்றப் பயன்படும் செரியம் ஆக்சைடு உட்படப் பல பொருள்களின் விலை மறு வருஷமே பல மடங்கு ஏறியது.

இது ஒரு பாதி. மறு பாதியையும் சொல்லவேண்டும். பெரியவன் படுத்தால் சிறியவனும் படுப்பான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1-ல் நின்றது. பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதை நம்பி அதே வளாகத்தில் உதிரிச் சாமான் செய்துகொடுத்த கம்பெனிகளில் இருந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். நம் ஜில்லாப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரே வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து பிழைப்பவருக்கு, அந்த வீடு பூட்டிவிட்டால் பிழைப்பில்லை.

மணவாளக்குறிச்சி மணல்

"இதெல்லாம் ஜப்பான் கதை, அமெரிக்கக் கதை" என்று யாரும் எண்ணவேண்டாம். செரியம் என்றேனே, அது நம் கடற்கரை மணலில் இருக்கிறது.

கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சி. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் பளிச்சிட்டது. அடுத்த சில வருஷங்களில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. மோனசைட் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதிலுள்ள தோரியத்தைக்கொண்டு காஸ் விளக்கு மேண்டில் செய்தார்கள். திருவிழாவில் நாம் தலையில் சுமந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரிந்ததும் அத்தகைய மேண்டில்தான். மணலை அள்ளிக் கொடுத்தது நாம். வெளிச்சத்தை விலை கொடுத்து வாங்கியதும் நாம்.

சுதந்திரம் வந்தபின் 1950-ல் இந்திய அரிய மண் நிறுவனம் தோன்றியது. 1952-ல் கேரளத்து ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. பொதுத்துறையில் இது பெரிய காரியம். ஆனால் மணலைப் பிரிப்பதற்கும் சிப்பு ஆலை ஏற்றுக்கொள்கிற மெருகுக் குழம்பு செய்வதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. லாபம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. மணலாக விற்றால் கூலி மிஞ்சும். குழம்பாக விற்றால் தொழில் மிஞ்சும்.

மணலுக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024-ல் கடலோர மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். கதிர்வீச்சு பற்றியும் கடலரிப்பு பற்றியும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையான பதில் சொல்லாமல் எந்தத் தொழிலும் அங்கே நிற்காது.

இன்று சர்க்கார் சிப்புத் தொழிலுக்குப் பணத்தைக் கொட்டுகிறது. 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டம் 76,000 கோடி ரூபாய். குஜராத்தில் தோலேராவில் டாடா ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, தொழில் வரட்டும். அது ஜனங்களின் பணம். ஆகவே அந்தத் தொழிலில் வேலை எப்படி, கூலி எப்படி, உயிருக்குப் பாதுகாப்பு எப்படி என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. ஆலையை மட்டும் பார்க்காமல், ஆலைக்குப் பொடி செய்து கொடுக்கும் அறுபது பேர் கம்பெனியையும் பார்த்துக் கேட்கவேண்டும்.

தூசு

அந்தத் தாய்க்கு நான் மிக முக்கியமாகச் சொல்லவேண்டியது இதுதான்.

சிலிக்கா தண்ணீரில் இருக்கும்போது ஒரு மாதிரி, காற்றில் இருக்கும்போது வேறு மாதிரி. மெருகுப் பாலில் உள்ள சிலிக்கா படிகமல்லாதது. கல்லை உடைக்கும்போது பறக்கும் படிகத் தூசு அளவுக்குக் கொடியதல்ல. ஆனாலும் எந்த நுண்பொடியும் நுரையீரலுக்கு உறவு அல்ல. மெருகுப் பொடி செய்கிற இடத்தில் என்ன பொடி, படிகமா இல்லையா, உலர்ந்து பறக்கிறதா, நனைந்து கிடக்கிறதா என்று தெரிந்தாகவேண்டும்.

படிகத் தூசு என்ன செய்யும் என்பதற்கு நாட்டில் சாட்சி உண்டு. குஜராத்தில் கம்பாட் என்ற ஊரில் அகேட் கல்லை மெருகேற்றி மணி செய்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் மண்ட்சோர் என்ற ஊரில் குழந்தைகள் எழுதும் கல்பலகைக் குச்சியை அறுத்தார்கள். இரண்டு இடத்திலும் இளம் வயதிலேயே மூச்சுத் திணறி மாண்டவர்கள் பலர். நோயின் பெயர் சிலிகோசிஸ். வந்தால் குணமாகாது. காசநோய் என்று எண்ணி மருந்து சாப்பிட்டே காலத்தைக் கழித்தவர்கள் உண்டு. நம் வட்டாரத்துக் கல் குவாரியிலும் ஜல்லி கிரஷரிலும் வேலை செய்கிற தோழர்களே, இது உங்கள் கதையும்தான்.

இந்த நோயை 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே அட்டவணையில் சேர்த்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. டாக்டர் கண்டால் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டிய நோய் அது. ராஜஸ்தான் 2019-ல் கொண்டுவந்த கொள்கைப்படி, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். அந்தப் பணம் உயிரைத் திருப்பித் தராது. ஆனால் கல் தொழிலாளர்கள் பல வருஷம் கேட்டுக் கேட்டுப் பெற்றது அது.

ஐந்து கேள்விகள்

தாயே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கம்பெனி சின்னதா பெரியதா என்று பார்க்காதீர்கள். மகளை அனுப்புமுன் ஐந்து விஷயம் கேளுங்கள்.

ஒன்று: பொடியைக் கொட்டும் இடம் மூடியிருக்கிறதா? தூசை இழுக்கும் யந்திரம் ஓடுகிறதா? முகத்துக்கு ஒரு துணியைக் கொடுத்துவிட்டால் போதாது. வருஷா வருஷம் நெஞ்சுப் படம் எடுக்கிறார்களா, அதன் நகலைத் தொழிலாளி கையில் கொடுக்கிறார்களா?

இரண்டு: பெயர் யார் பதிவேட்டில்? கம்பெனியின் பதிவேட்டிலா, காண்டிராக்டர் பதிவேட்டிலா? நியமனக் கடிதம் தரவேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றும் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள்.

மூன்று: சரக்கை எத்தனை பேர் வாங்குகிறார்கள்? ஒரே ஆலைக்கா, பல ஆலைக்கா? நோக்கியாவை நினைவில் வையுங்கள்.

நான்கு: மகள் என்ன கற்பாள்? மூட்டை தூக்கவும் டின் கழுவவும் மட்டுமா, துகளின் அளவைச் சோதிக்கவும் குழம்பு கலக்கவுமா? இந்தத் தொழிலின் மதிப்பெல்லாம் சோதனைக் கூடத்தில் இருக்கிறது. அங்கே கை வைக்க விட்டால் பத்து வருஷத்தில் அவளைத் தேடி வேலை வரும்.

ஐந்து: கழிவு எங்கே போகிறது? இந்தத் துகள் தானாக அடியில் படியாது. மருந்து போட்டுத் திரட்டிப் பிரிக்கவேண்டும். பிரிக்காமல் விட்டால் பக்கத்து ஏரிக்குப் போகும். பாலாற்றைத் தோல் பதனிடும் கழிவு பாழாக்கியதைப் பற்றி 1996-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆறு இன்னும் தேறவில்லை. மகள் ஆலையில் சம்பாதிப்பதை, அம்மா வயலில் இழக்கக்கூடாது.

இந்தக் கேள்விகளை ஒருத்தி தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராதே" என்பார்கள். அறுபது பேரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும். நான் முன்பே சொன்னேன், அந்த அறுபது பேர் செய்யும் குழம்பு ஒரு வாரம் போகாவிட்டால் பெரிய ஆலையின் மேடை சுழலாது. தங்கள் வேலையின் மதிப்பைத் தாங்களே அறியாதவர்களுக்கு அதை வேறு யாரும் சொல்லித் தரப்போவதில்லை.

தோழர்களே, முடிக்கிறேன். மெருகுக் குழம்பில் ஒரு சொட்டுக்கூடச் சிப்பில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கழுவிவிடுகிறார்கள். கடையில் போன் வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை. பரம்பு அடித்தவனை அறுவடையில் யாரும் நினைப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் நாம் நினைக்கவேண்டும். நம் பெண் போகிற இடத்தில் அவளும் நினைக்கவேண்டும்.

தாயே, மகளை அனுப்புங்கள். கேள்விகளோடு அனுப்புங்கள்.